சூப்பர்மைக்ரோ போர்டுகளில் ஃபேன் வேகமும் ஃபர்ம்வேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சர்வர் மதர்போர்டு ஒன்றை மலிவாக வாங்கி வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ வைப்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இரண்டு கேள்வி. ஏன் இப்படி இரைகிறது? ஃபர்ம்வேரை (சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை) புதுப்பித்தால் அடங்குமா? இரண்டுக்கும் பதில் போர்டில் இருக்கும் ஒரே சில்லில் இருக்கிறது. இங்கே எழுதியிருப்பது முக்கியமாகச் சர்வர் போர்டு தயாரிக்கும் சூப்பர்மைக்ரோவின் எக்ஸ்10, எக்ஸ்11 வரிசைகளுக்கு. டெல் பற்றி ஒரு கேள்வி தனியாக உண்டு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலித்தபடி தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்; ஃபேன்1 போன்ற ஃபேன் பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில்.

பயாஸ் முழுக்கத் தேடிவிட்டேன். ஃபேன் வேகம் மாற்றும் இடமே இல்லையே?

இருக்காது. சாதாரண கம்ப்யூட்டரில் அந்த வேலை பயாஸிடம் (கம்ப்யூட்டரை எழுப்பும் தொடக்க மென்பொருளிடம்) இருக்கும். சர்வர் போர்டில் அதைப் பிஎம்சி என்ற சில்லு பார்த்துக்கொள்கிறது. எக்ஸ்10 போர்டுகளில் பெரும்பாலும் ஆஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2400, எக்ஸ்11 போர்டுகள் பலவற்றில் ஏஎஸ்டி2500. சில்லு என்கிறோமே தவிர, உண்மையில் அது தனி ஆர்ம் பிராசஸர், தனி நினைவகம், தனி ஃபிளாஷ், தனி நெட்வொர்க் போர்ட் எல்லாம் கொண்ட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், லினக்ஸ் ஓடுகிறது. பவர் பட்டனை அழுத்தாவிட்டாலும், கரண்ட் ஒயர் செருகியிருந்தால் போதும், அது விழித்திருக்கும்.

பிராசஸர், மெமரி, சிப்செட் வெப்பநிலைகளைப் படிப்பதும் ஃபேனுக்கு எவ்வளவு வேகம் என்று முடிவு செய்வதும் அதன் வேலை. அதனிடம் பேச மூன்று வழி உண்டு: பிரவுசரில் திறக்கும் வலைப்பக்கம், ஐபிஎம்ஐ என்ற கட்டளை முறை, புதிய போர்டுகளில் ரெட்ஃபிஷ் என்ற அதன் வாரிசு. ஐபிஎம்ஐ 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. இன்றும் ஓடும் 2.0 பதிப்பு 2004இல் வந்தது. அந்த வயது அதில் தெரியும். பாதுகாப்பு பற்றிய கேள்வியில் அது புரியும்.

வலைப்பக்கத்தில் நான்கு மோடு இருக்கிறது. எதைப் போடுவது?

ஸ்டாண்டர்டு, ஃபுல், ஆப்டிமல், ஹெவி ஐஓ. இவற்றைப் புரிந்துகொள்ள முதலில் மண்டலம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேன்1, ஃபேன்2 என்று எண் போட்ட இணைப்புகள் ஒரு மண்டலம். அது பிராசஸரைப் பார்த்து ஓடும். ஃபேன் ஏ, ஃபேன் பி என்று எழுத்துப் போட்டவை இன்னொரு மண்டலம். கார்டுகள், டிஸ்க்குகள் பக்கத்துக்கானது.

ஸ்டாண்டர்டில் இரண்டு மண்டலமும் சுமார் 50 சதவீதத்தில் தொடங்கும். ஆப்டிமலில் இரண்டும் சுமார் 30. ஹெவி ஐஓவில் எண் மண்டலம் 50, எழுத்து மண்டலம் 75. ஃபுல்லில் எல்லாம் 100. வெப்பம் கூடினால் ஃபுல் தவிர மற்ற மூன்றிலும் வேகம் மேலே ஏறும்.

வீட்டுக்கு ஆப்டிமல் போதும். அதைப் போட்டும் இரைச்சல் குறையவில்லை, அல்லது குறைந்து குறைந்து ஏறுகிறது என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

நல்ல சத்தமில்லாத ஃபேன் வாங்கிப் போட்டேன். சில நொடி அமைதி, திடீரென்று முழு வேகம், மறுபடி அமைதி. ஃபேன் கோளாறா, போர்டு கோளாறா?

இரண்டும் இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பிஎம்சியிடம் ஒவ்வொரு ஃபேனுக்கும் கீழ் வரம்புகள் மூன்று உண்டு. எக்ஸ்10, எக்ஸ்11 போர்டுகளில் வழக்கமாகப் பார்க்கும் எண்கள் நிமிடத்துக்கு 700, 500, 300 சுற்று. 700க்குக் கீழே போனால் எச்சரிக்கை. 500க்குக் கீழே போனால் ஆபத்து. 300 என்றால் ஃபேன் செத்துவிட்டது என்று கணக்கு. நிமிடத்துக்கு பல ஆயிரம் சுற்று சுற்றும் சர்வர் ஃபேனை மனதில் வைத்துப் போட்ட எண்கள் இவை. அந்த வகை ஃபேன் 500க்கு இறங்கினால் உண்மையாகவே அது சாகப்போகிறது.

நீங்கள் போட்டதோ வேறு ஜாதி. நாக்டுவாவின் என்எஃப்-எஃப்12 பிடபிள்யூஎம் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள்: உச்சமே 1500 சுற்று, குறைந்தது 300. ஆப்டிமல் மோடில் பிஎம்சி 30 சதவீதம் கொடுக்கிறது. ஃபேன் ஒழுங்காகக் கீழ்ப்படிந்து 500க்குக் கீழே இறங்குகிறது. பிஎம்சி பதறிப்போய் "ஃபேன் போச்சு" என்று எல்லா ஃபேன்களையும் 100 சதவீதத்துக்குத் தள்ளுகிறது. வேகம் வரம்பைத் தாண்டுகிறது, ஆபத்து நீங்கியது, மறுபடி 30. மறுபடி இறங்குகிறது. இரவெல்லாம் மூச்சு வாங்குவது போல இதே கதை.

சரி, மருந்து என்ன? வரம்பை இறக்குவதுதான். லினக்ஸில் ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளை நிரலை நிறுவி, "ஐபிஎம்ஐடூல் சென்சார்" என்று கொடுத்தால் எல்லா ஃபேனும் அவற்றின் வரம்புகளும் வரிசையாக வரும். அப்புறம் "ஐபிஎம்ஐடூல் சென்சார் த்ரெஷ் ஃபேன்1 லோயர் 0 100 200". கடைசி மூன்று எண்ணும் அடியிலிருந்து மேலே போகும் வரிசையில்: முதலில் செத்த வரம்பு, பிறகு ஆபத்து, பிறகு எச்சரிக்கை. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் நிறைய. இன்னொன்று, சென்சார் 100 100 சுற்றாகத்தான் எண்ணும். 150 என்று கொடுத்தாலும் பக்கத்து நூறுக்கு இழுத்துக்கொள்ளும்.

எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஃபேன் பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்த வேகத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கூட்டியோ குறைத்தோ 20 சதவீத வேறுபாடு விடுவார்கள். 300 என்றால் உண்மையில் 240 வரை போகலாம். ஆபத்து வரம்பு அதற்கும் கீழே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். ஃபேன் நிஜமாகவே நின்றுபோனால் அதைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா?

மூன்று கம்பி ஃபேனை மாட்டலாமா?

மாட்டலாம், ஓடும். ஆனால் முழு வேகத்தில்தான் ஓடும். நான்கு கம்பி ஃபேனில் தரை, 12 வோல்ட், வேகத்தைத் திருப்பிச் சொல்லும் கம்பி, வேகத்தைக் கட்டளையிடும் பிடபிள்யூஎம் கம்பி என்று நான்கு. இந்தப் போர்டுகள் நான்காவது கம்பி வழியாக மட்டுமே வேகத்தை மாற்றும், வோல்டேஜைக் குறைக்காது. ஒரு இணைப்பிலிருந்து இரண்டு ஃபேனுக்குப் பிரிப்பான் போட்டால் ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே பிஎம்சிக்குத் தெரியும். மற்றது நின்றாலும் யாருக்கும் தெரியாது.

30 சதவீதம்கூட அதிகம். நானே ஒரு வேகத்தை நிர்ணயிக்க முடியுமா?

முடியும். ஆனால் இது நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் இல்லாத வழி. ஐபிஎம்ஐடூலில் "ரா" என்ற கட்டளை பிஎம்சிக்கு நேரடியாக பைட்டுகளை அனுப்பும். கீழே வரும் எல்லா எண்ணும் ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சுழியமும் எக்ஸ் எழுத்தும் வரவேண்டும்.

மோடு என்ன என்று கேட்க: 30 45 00. மோடை மாற்ற: 30 45 01, அதன் பின் ஸ்டாண்டர்டுக்கு 00, ஃபுல்லுக்கு 01, ஆப்டிமலுக்கு 02, ஹெவி ஐஓவுக்கு 04. ஒரு மண்டலத்துக்கு வேகம் கொடுக்க: 30 70 66 01, அதன் பின் மண்டலம் (எண் மண்டலத்துக்கு 00, எழுத்து மண்டலத்துக்கு 01), கடைசியில் சதவீதம். எக்ஸ்9 வரிசைக்கு வேறு கட்டளை, வேறு கணக்கு. இதை அங்கே அனுப்ப வேண்டாம்.

கடைசி எண்ணில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதுவும் ஹெக்ஸ். 32 என்றால் 50 சதவீதம், 64 என்றால் 100. முப்பது சதவீதம் என்று நினைத்து 30 போட்டால் 48 சதவீதம் ஓடும். எக்ஸ் எழுத்தை மறந்தால் இன்னும் மோசம், ஐபிஎம்ஐடூல் அதைச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு வேறேதோ கட்டளையை அனுப்பிவிடும். இணையத்தில் பார்த்த பைட்டுகளை எல்லாம் போட்டுப் பார்ப்பது தெரியாத வீட்டின் ஃபியூஸ் பெட்டியில் கைவிடுவது போல.

கொடுத்த வேகம் நிலைக்க வேண்டுமானால் முதலில் மோடு ஃபுல்லில் இருக்க வேண்டும். மற்ற மோடுகளில் பிஎம்சி கொஞ்ச நேரத்தில் தன் கணக்கை எழுதி உங்களுடையதை அழித்துவிடும். ஃபுல்லுக்கு மாற்றியதும் சில நொடி பொறுத்து, அப்புறம் வேகத்தைக் கொடுங்கள்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். ஃபுல் மோடில் பிஎம்சி வெப்பத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டாது; ஏற்கெனவே 100இல் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் 20 சதவீதத்தில் விட்டுவிட்டுத் தூங்கப்போனால், பிராசஸர் கொதித்தாலும் ஃபேன் 20இலேயே நிற்கும்.

அதற்குத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பம் பார்த்து வேகம் மாற்றும். போதுமா?

ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்கும் வரை போதும். அது செத்தால்? கணினி மெமரி நிரம்பிப் புராசஸைக் கொன்றால்? ஸ்கிரிப்டை சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் பகுதி) சேவையாக ஓடவிட்டு, அது எந்தக் காரணத்தால் நின்றாலும் கடைசியில் ஆப்டிமல் மோடுக்குத் திருப்பும் கட்டளை ஓடும்படி வையுங்கள். "எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்" (ஆங்கிலத்தில் ExecStopPost) என்ற வரி இதற்காகவே உள்ளது. வெப்பநிலையைப் படிக்க முடியாமல் வெறும் பதில் வந்தால் அதை 0 டிகிரி என்று எடுத்துக்கொள்ளாமல், முழு வேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் இந்த ஒரு வரி இல்லை. பிஎம்சி ஒருமுறை பதில் சொல்லாமல் விட்டபோது, என் ஸ்கிரிப்ட் அதைக் குளிர்காலம் என்று புரிந்துகொண்டது.

கர்னல் அப்படியே உறைந்துபோனால் மேலே சொன்ன எதுவும் ஓடாது. அதனால் அடிமட்ட வேகத்தைக் கஞ்சத்தனம் செய்யாமல் வையுங்கள். சும்மா நிற்கும் பிராசஸரை அல்ல, சாதாரண வேலைச்சுமையை அந்த வேகம் தாங்க வேண்டும்.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

நிறைய. ஒரே ஃபேனில் காற்றளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் குறையும்; மின்சாரமோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். பாதி வேகத்தில் பாதிக் காற்று, எட்டில் ஒரு பங்கு மின்சாரம், ஏறக்குறைய 15 டெசிபல் குறைந்த சத்தம். 100இலிருந்து 60க்கு வந்தாலே பக்கத்து அறையில் தூங்க முடியும். 30இலிருந்து 20க்கு இறக்க மல்லுக்கட்டுவதில் காதுக்குக் கிடைப்பது கொஞ்சம்.

பிராசஸர் 45 டிகிரிதான். அப்படியானால் எல்லாம் நலம்தானே?

பிஎம்சிக்குத் தெரிந்தவை நலம். பிராசஸர், மெமரி, சிப்செட், போர்டில் ஒட்டிய ஒன்றிரண்டு சென்சார்: அதன் உலகம் அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க் வெப்பம் பொதுவாக அதற்குத் தெரியாது; அதை, டிஸ்க்கின் நிலையைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொண்டு நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கெட்டது எச்பிஏ கார்டு, அதாவது டிஸ்க்குகளைப் போர்டோடு இணைக்கும் கார்டு. எல்எஸ்ஐ 9211, 9300 போன்ற கார்டுகளில் ஃபேன் கிடையாது, ஒரு அலுமினியத் தகடு மட்டும். சர்வர் பெட்டிக்குள் பலமாக அடிக்கும் காற்றை நம்பி வடிவமைத்தவை. சத்தமில்லாத ஃபேன்களோடு பெரிய டவர் பெட்டியில் போட்டால் காற்று கார்டைத் தொடாமலே வெளியேறிவிடும். அப்போது டிஸ்க்குகள் திடீரென்று காணாமல் போவது, மீண்டும் வருவது என்று பேய் பிடித்தது போல நடக்கும். ஆட்கள் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தகட்டின் மேல் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கட்டினால் தீர்ந்தது.

டெல் சர்வரிலும் இப்படிச் செய்யலாமா?

வழி வேறு. பழைய பவர்எட்ஜ்களில் ரா கட்டளையில் 30 30 01 00 கொடுத்தால் தானியங்கிக் கட்டுப்பாடு விலகும், 30 30 02 ff 14 போல ஒன்று கொடுத்தால் 20 சதவீதம். (நடுவில் வருவது எஃப் எழுத்து இரண்டு.) டெல்லுக்கே உரிய இன்னொரு குணம், தனக்குத் தெரியாத நிறுவனத்தின் பிசிஐஇ கார்டைப் பார்த்தால் முன்னெச்சரிக்கையாக ஃபேனை ஏற்றிவிடுவது.

முக்கியமாகத் தெரிய வேண்டியது: ஐடிராக்9 (டெல்லின் பிஎம்சி) ஃபர்ம்வேரில் 3.34.34.34 பதிப்பிலிருந்து இந்தக் கைக் கட்டுப்பாட்டை டெல் எடுத்துவிட்டது. அப்டேட் செய்துவிட்டு "நேற்று வரை வேலை செய்ததே" என்று வருபவர்களுக்கு இதுதான் காரணம். ஃபர்ம்வேர் அப்டேட் கொடுக்கவும் செய்யும், பிடுங்கவும் செய்யும்.

அப்படியானால் ஃபேன் பிரச்சினைக்காக ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா?

ஃபேனுக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம். மேலே சொன்ன வரம்புச் சண்டை புதிய ஃபர்ம்வேரிலும் அப்படியே இருக்கும். வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் போர்டு பெயரோடு ஃபேன் திருத்தம் என்று எழுதியிருந்தால் செய்யுங்கள். புதுப்பிக்க வேறொரு வலுவான காரணம் இருக்கிறது, பாதுகாப்பு, அது கீழே.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பயாஸ் ஃபர்ம்வேர் ஒரு ஃபிளாஷில், பிஎம்சி ஃபர்ம்வேர் இன்னொரு ஃபிளாஷில். ஒன்றின் கோப்பு மற்றதற்குப் பொருந்தாது. நெட்வொர்க் கார்டு, எச்பிஏ எல்லாம் தனித்தனி. எக்ஸ்10, எக்ஸ்11 போர்டுகள் பலவற்றில் பிஎம்சி ஃபர்ம்வேரை வலைப்பக்கத்திலேயே இலவசமாக மாற்றலாம். பயாஸை அதே பக்கத்திலிருந்து மாற்றத் தனி லைசென்ஸ் கேட்கும். லைசென்ஸ் வேண்டாம் என்றால் யுஎஸ்பியில் போட்டு, இயங்குதளம் ஏறும் முன் திறக்கும் யுஇஎஃப்ஐ ஷெல் என்ற கட்டளைத் திரையிலிருந்து செய்யலாம்.

பிஎம்சி அப்டேட்டின்போது "பிரிசர்வ் எஸ்டிஆர்" என்று ஒரு டிக் பெட்டி வருகிறதே, அது என்ன?

அவசரத்தில் யாரும் படிக்காத பெட்டி. ஃபேன் விஷயத்தில் முக்கியமான பெட்டி. எஸ்டிஆர் என்பது சென்சார்களின் பதிவேடு. நீங்கள் பாடுபட்டு இறக்கிய ஃபேன் வரம்புகள் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. டிக்கை எடுத்தால் 700, 500, 300 திரும்பி வந்துவிடும். டிக்கை வைத்தால் உங்கள் எண்கள் தப்பும். ஆனால் புதிய ஃபர்ம்வேரோடு வரும் சென்சார் திருத்தங்கள் வந்து சேராமல் போகலாம்.

நான் டிக்கை எடுத்துவிட்டு, வரம்புகளை மறுபடி போடுவேன். அதற்காக த்ரெஷ் கட்டளைகளை ஒரு சின்னக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அமைப்பைக் காப்பாற்றும் இன்னொரு டிக்கையும் எடுத்தால் பாஸ்வேர்டும் ஐபி முகவரியும் தொடக்க நிலைக்குப் போய்விடும். தொலைவில் இருக்கும் சர்வரில் இதைச் செய்தால் வண்டி எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டியதுதான்.

அப்டேட் ஓடும்போது எல்லா ஃபேனும் அலறுகிறது. பிடுங்கிவிடவா?

வேண்டவே வேண்டாம். பிஎம்சி மறுதொடக்கம் ஆகும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் ஃபேன்களை மேய்க்க ஆள் இல்லை. அதனால் முழு வேகத்தில் ஓடும். அதுதான் சரியான நடத்தை. எழுதி முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும், வலைப்பக்கம் உறைந்ததுபோல் தெரியும். யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். சர்வரில் ஓடும் இயங்குதளத்துக்குப் பொதுவாக இது தெரியக்கூடத் தெரியாது.

அப்டேட் இல்லாமலேயே பிஎம்சி மந்தமாகிவிட்டால், "ஐபிஎம்ஐடூல் எம்சி ரீசெட் கோல்டு". அதிலும் இதே அலறல்தான்.

பயாஸ் அப்டேட் பாதியில் செத்துவிட்டது. போர்டைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம். பயாஸின் தொடக்கப் பகுதி பிழைத்திருந்தால், எஃப்ஏடி32 யுஎஸ்பியின் முதல் அடுக்கில் பயாஸ் கோப்பை "சூப்பர்.ராம்" என்று பெயரிட்டு வைத்து (ஆங்கிலத்தில் கடைசி மூன்றெழுத்து ஆர், ஓ, எம்), கன்ட்ரோல், ஹோம் இரண்டையும் அழுத்தியபடி இயக்கினால் மீட்புத் திரை வரும். உங்கள் போர்டின் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் இது இருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதுவும் நடக்காவிட்டால், ஃபிளாஷ் சில்லில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ போன்ற மலிவான புரோகிராமர் கருவியால் நேரடியாக எழுதலாம். மலிவான சில சிஎச்341ஏ பலகைகள் 3.3 வோல்ட் சில்லுக்குத் தரவுக் கம்பியில் 5 வோல்ட் அனுப்பும். அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். எழுதுவதற்கு முன் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

பிஎம்சிக்கு இணையத்திலிருந்து நேரடியாக வர வழி வைக்கலாமா? வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும்.

கூடாது. ரவுட்டரில் அதற்காக ஓட்டை போடவே கூடாது.

ஐபிஎம்ஐ 2.0இன் உள்நுழைவு முறையிலேயே ஒரு குறை உண்டு: யாரும் பயனர் பெயரைச் சொல்லிக் கேட்டால், பாஸ்வேர்டை வைத்துச் செய்த ஹாஷ் என்ற மறைகுறியை பிஎம்சி முதலிலேயே கொடுத்துவிடும். கேட்டவர் அதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக உடைக்கலாம். 2013இல் வெளியே தெரிந்த இது விதிமுறையிலேயே இருக்கும் குறை என்பதால் அப்டேட்டால் தீராது. பாஸ்வேர்டும் 20 எழுத்துக்கு மேல் போக முடியாது. 2019இல் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம், சூப்பர்மைக்ரோ பிஎம்சியின் மெய்நிகர் யுஎஸ்பி சேவையில் கண்ட குறைகளை வெளியிட்டபோது, அந்த வாசலைத் திறந்தபடி இணையத்தில் 47,000க்கும் மேற்பட்ட பிஎம்சிகள் இருந்தன. ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் என்ற பிஎம்சி மென்பொருளில் 2025 மார்ச்சில் வெளியான இன்னொரு குறைக்குத் தீவிர மதிப்பு 10க்கு 10. அதே ஆண்டு ஜூனில், உண்மையாகவே தாக்குதலுக்குப் பயன்படுகிறது என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பிஎம்சி ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வலுவான காரணம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

வெளியூரிலிருந்து வேண்டும் என்றால் விபிஎன் போட்டு உள்ளே வாருங்கள். பிஎம்சியைத் தனி விலேனில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க்கில், வையுங்கள்.

நான் பிஎம்சி போர்ட்டில் கேபிளே செருகவில்லை. எனக்கு இது பொருந்தாதுதானே?

பொருந்தும். இந்தப் போர்டுகளில் நெட்வொர்க் அமைப்பு தொடக்கத்தில் "ஃபெயில்ஓவர்" என்று இருக்கும். தனிப் போர்ட்டில் கேபிள் இல்லை என்று கண்டால் பிஎம்சி சத்தமில்லாமல் முதல் சாதாரண நெட்வொர்க் போர்ட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் போர்ட் நேராக இணையத்தைப் பார்த்தால் பிஎம்சியும் பார்க்கிறது. வலைப்பக்கத்தின் நெட்வொர்க் பகுதியில் இதை "டெடிகேட்" என்று மாற்றுங்கள்.

2020க்கு முந்தைய போர்டுகளில் தொடக்கப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அட்மின், அட்மின், இரண்டும் பெரிய எழுத்தில். கலிஃபோர்னியாவின் சட்டம் 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, புதிய போர்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் ஒட்டி வருகிறது. பழைய போர்டு வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளர் என்ன வைத்தாரோ என்று கவலைப்பட வேண்டாம். சர்வரின் லினக்ஸில் ரூட்டாக இருந்து "ஐபிஎம்ஐடூல் யூசர் செட் பாஸ்வேர்டு 2" என்று கொடுத்தால் பழையதைக் கேட்காமலே மாற்றிவிடும். பதிலே வரவில்லை என்றால் ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்டெஃப் ஆகிய இரண்டு கர்னல் மாட்யூல்களையும் மோட்புரோப் கட்டளை கொண்டு ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.